காலையில் கை உதறுமா?

என் அக்கா பிளஸ் டூ படித்த வருடம் எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களில் பாதி நசுங்கிப் போயின. 2003. மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ராத்திரி ஒரு மணி வரை படிப்பாள், நாலரைக்கு அம்மா எழுப்பிவிடுவாள். பல் தேய்த்துவிட்டு வந்து காபியை வாங்கும்போது தோளிலிருந்து கை ஒரு வெட்டு வெட்டும். டம்ளர் பறக்கும், காபி சுவரில் தெறிக்கும். ஒரு நொடிதான். அடுத்த நொடி கை சரியாகிவிடும். "கையில என்னடி, வெண்ணெயா தடவியிருக்கே?" என்று அம்மா சத்தம் போடுவாள். அக்கா ஒன்றும் பேசாமல் துணி எடுத்துவந்து துடைப்பாள். சில நாள் பிரஷ் பறக்கும், சில நாள் சீப்பு. வெயில் ஏறிவிட்டால் அப்படி ஒன்றுமே இருக்காது. பரீட்சை பயம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை, கொல்லையில் குழாயடியில் நின்றிருந்தவளுக்கு இரண்டு கையும் விடாமல் உதற ஆரம்பித்தது. ஒரு குரல் கொடுத்தாள், விழுந்தாள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. உடம்பு கட்டைபோல விறைத்தது, கண் மேலே செருகியது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை, அதில் ரத்தம். அக்கம்பக்கத்தார் வேலியைத் தாண்டி ஓடிவந்தார்கள். "இரும்பு குடு, இரும்பு குடு!" அப்பா பீரோ சாவியைத் தேடி வீட்டுக்குள் ஓடினார். கொத்து கிடைத்து, கொண்டுவந்து, மூடியிருந்த விரல்களைப் பிரித்துத் திணிப்பதற்குள் உதறல் தணிந்திருந்தது. "பாத்தியா, இரும்பு பட்டதும் நின்னுடுச்சு" என்றார்கள். நானும் நம்பினேன்.

அந்தச் சாவிக்கொத்தைப் பற்றிப் பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன். இப்படி உடம்பு முழுக்க இழுக்கும் வலிப்பு பெரும்பாலும் ஒன்று, இரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவி தேட ஆகும் நேரமும் ஏறக்குறைய அதேதான். அதனால் சாவி கையில் பட்ட நேரமும் வலிப்பு நின்ற நேரமும் ஒவ்வொரு தடவையும் ஒத்துப்போகும். தலைமுறை தலைமுறையாக இந்த நம்பிக்கை உயிரோடிருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மக்கள் முட்டாள்தனமாக நம்பவில்லை; கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார்கள். ஆனால் சாவி தேடிய அந்த இரண்டு நிமிடத்தில் அக்காவை ஒருக்களித்துப் படுக்கவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சிமெண்டுத் தரையில் தலை மோதிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கே அத்தை அம்மாவிடம் சொன்னார்: "வெளிய மூச்சு விடாதே. பொட்டப்புள்ள." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த நோய்க்குப் பெயரே இல்லாமல் போனது. ஊரில் காக்கா வலிப்பு என்பார்கள். கால் கை வலிப்பு என்பதுதான் பேச்சில் மருவி அப்படி ஆயிற்று, காக்காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எங்கள் தமிழாசிரியர் ஒருமுறை சொன்னார். வீட்டில் "அது" என்பதோடு சரி. "அது வந்துச்சா?" "இந்த மாசம் அது வரலை."

கோயிலில் கயிறு கட்டினோம். அப்புறம் டவுனில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். விழுந்ததையும் இழுத்ததையும் அப்பா சொன்னார். மருத்துவர் கார்பமாசெபின் எழுதிக்கொடுத்தார். வலிப்புக்கு நல்ல மருந்துதான், எத்தனையோ பேருக்குக் கேட்டிருக்கிறது. அக்காவுக்கோ காலை உதறல் இரண்டு மடங்காகிவிட்டது. டம்ளர் பறப்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை, அதுவும் இதுவும் ஒன்று என்றே எங்களுக்குத் தெரியாது.

மே மாதம் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். ஐம்பது வயது இருக்கும். கோப்பைப் புரட்டாமல் அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "காலையில எந்திரிச்சதும் கை உதறுமா? கையில இருக்கிறது தெறிச்சு விழுமா?" அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எத்தனை காலை திட்டியிருப்பாள்.

அந்த ஒரு கேள்வியிலேயே நோய் பிடிபட்டுவிட்டது. ஜூவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி என்று பெயர். பதின்வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பு. தூங்கி எழுந்ததும் கைகள் வெட்டும், பெரும்பாலானவர்களுக்குப் பின்னர் பெரிய வலிப்பாகவும் வரும். தூக்கம் கெடுவதுதான் இதற்கு முதல் எதிரி. கார்பமாசெபின் போன்ற சில மருந்துகள் இந்த வகையில் வெட்டை அதிகப்படுத்தும். சோடியம் வால்ப்ரோயேட் நன்றாகக் கேட்கும். அவர் மருந்தை மாற்றினார். இரண்டு வாரத்தில் டம்ளர் விழுவது நின்றது.

மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை எடுக்கச் சொன்னபோது, "முதல் நாள் ராத்திரி தூங்கவிடாதீங்க, தலையில எண்ணெய் இருக்கக்கூடாது" என்றார்கள். விடிய விடிய நானும் அக்காவும் தாயம் ஆடினோம். ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1924-இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார். ஐந்து வருடம் யோசித்து 1929-இல்தான் வெளியிட்டார். அந்தக் கருவியின் வழிவந்ததுதான் அக்காவின் தலையில் பசை வைத்து ஒட்டிய ஒயர்கள். இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஈ.ஈ.ஜி. எடுக்கும் அரைமணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்தால் காகிதமும் அமைதியாகவே இருக்கும். "ரிப்போர்ட் நார்மல்" என்றால் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்வதுதான் பெரிய சாட்சி. விழுந்தவருக்கு எதுவும் நினைவிருக்காது. எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை நிமிடம், தூங்கி எழுந்த நேரமா, முந்தின நாள் ராத்திரி தூங்கினாரா? இதையெல்லாம் பார்த்தவர் சொல்லவேண்டும். செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. வீட்டில் யாராவது எடுத்தால் திட்டாதீர்கள்.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்று அந்த மருத்துவர் அக்காவுக்குச் சொன்ன விளக்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு அணுக்கள் இருக்கின்றன. ஒன்றோடொன்று மின்சாரத்தாலும் ரசாயனத்தாலும் பேசிக்கொள்கின்றன. பேசத் தூண்டும் ரசாயனமும் உண்டு, அடக்கும் ரசாயனமும் உண்டு. அடக்குவது தளர்ந்துபோய், ஒரு கூட்டம் அணுக்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து கத்த ஆரம்பித்தால் அதுதான் வலிப்பு. "கல்யாண மண்டபத்துல நூறு பேர் நூறு விஷயம் பேசினா ஒண்ணும் ஆகாது. எல்லாரும் ஒரே நேரத்துல கை தட்டினா வேற எதுவும் காதுல விழாதில்ல, அந்த மாதிரிம்மா" என்றார். கத்துவது மூளையின் எந்த மூலை என்பதைப் பொறுத்து வலிப்பின் முகம் மாறும். எல்லா வலிப்பும் விழுந்து இழுப்பதில்லை. வகுப்பில் பத்து நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல எழுத்தைத் தொடரும் குழந்தைக்கும் வலிப்பாக இருக்கலாம். கவனமில்லை என்று அந்தக் குழந்தை அடிவாங்கும். திடீரென்று பேச்சு நின்று, வாயைச் சப்புக்கொட்டி, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்துவிட்டு, கேட்டால் ஒன்றும் தெரியாது என்பவருக்கும் வலிப்பாக இருக்கலாம். அவரைப் பேய் பிடித்தவர் என்று கூட்டிப்போவார்கள்.

காரணங்களும் பல. எங்கள் தெருவில் ஒரு பையனுக்குப் பத்து வயதில் வலிப்பு வந்து, ஸ்கேனில் மூளைக்குள் சிறிய கட்டிபோல ஒன்று தெரிந்தது. நாடாப்புழுவின் முட்டையால் வந்தது என்றார்கள். "நாங்க கறியே தொடமாட்டோமே, எங்க பிள்ளைக்கு எப்படி?" என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டவரின் குடலில் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தில் முட்டைகள் வெளியேறும். அது மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து, கழுவாத கீரை வழியாகவோ சமைப்பவர் கை வழியாகவோ யார் வயிற்றுக்கும் போகலாம். அங்கே முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு ரத்தத்தோடு மூளைக்குப் போகிறது. சைவமா அசைவமா என்று முட்டை பார்ப்பதில்லை. 1980-களில் இந்தியாவில் இத்தகைய சிறு கட்டிகளைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய மருத்துவர்கள் அந்தக் கட்டிகளை எடுத்துப் பரிசோதித்து, பெரும்பாலானவை புழுவால் வந்தவை என்று காட்டினார்கள். நம் பக்கத்திலேயே நடந்த இந்த வேலை எத்தனை குழந்தைகளை வீண் மருந்திலிருந்து காப்பாற்றியிருக்கும்! தெருப் பையனுக்குக் கட்டி கரைந்து, மருந்தும் நின்றுவிட்டது. இப்போது லாரி செட்டில் கணக்கெழுதுகிறான்.

குழந்தைக்குக் காய்ச்சலில் வரும் இழுப்பு வேறு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை வரும், ஜன்னி என்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வளர்ந்ததும் போய்விடும். மருத்துவரிடம் காட்டவேண்டும், வாழ்நாள் நோய் என்று பயந்துவிட வேண்டாம்.

நம் பக்கத்தில் அதிகம் காணும் இன்னொன்று, வெந்நீர் வலிப்பு. தலையில் சூடான தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்றிக் குளிக்கும்போது வருவது. தென்னிந்தியாவில், அதிலும் கர்நாடகத்தில், இதை மருத்துவர்கள் அதிகம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பலருக்குத் தண்ணீரின் சூட்டைக் குறைத்து, தலைக்குச் செம்பால் ஊற்றாமல் இருந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். தலைக்குக் குளிக்கும் நாளில்தான் மயக்கம் வருகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், அலட்சியப்படுத்தாமல் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

சரி, அக்காவுக்கு வருகிறேன்.

ஏழு வருடம் மாத்திரையில் நன்றாக இருந்தாள். பி.காம். முடித்தாள், ஒரு கடையில் கணக்கு பார்த்தாள். 2010-இல் வரன் அமைந்தது. மாப்பிள்ளை அரசுப் பேருந்தில் நடத்துநர். வலிப்பைப் பற்றி அவர்கள் வீட்டில் சொல்லவேண்டும் என்று அக்கா அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இரண்டாவது தடவை நானும் அங்கே இருந்தேன், நானும் வாயைத் திறக்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர், வலிப்பு இருந்தால் கல்யாணமே செல்லாது, சட்டம் இருக்கிறது என்று பயமுறுத்தினார். அது ஒரு காலத்தில் உண்மைதான். 1976-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த திருத்தம், திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவரைத் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர் வரிசையில் வைத்தது. மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு, 1999-இல் அந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். எங்கள் வீட்டில் பேச்சு நடந்தபோது அது எடுக்கப்பட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒருவருக்கும் தெரியாது.

மண்டபத்துக்குக் கிளம்பும்போது அக்காவின் மாத்திரை டப்பாவை அம்மா ட்ரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். மணப்பெண் அறையில் இருபது பேர். யார் எதிரில் மாத்திரை போடுவது? முதல் நாள் ராத்திரி மாத்திரை இல்லை. காலையில் போட்டதும் இல்லை. மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, மருதாணி வைத்து, ஒரு மணிக்குப் படுத்தவளை மூன்று மணிக்குத் தலை பின்ன எழுப்பினார்கள். பிளஸ் டூவில் எது அவளை விழவைத்ததோ அதையெல்லாம் நாங்களே ஒன்றாகச் சேர்த்து அவள்மேல் ஏற்றினோம். தூக்கமில்லை, மாத்திரையில்லை, விடிகாலை, மனம் முழுக்க பயம்.

மணவறையில் உட்கார்ந்திருந்தபோதே கை வெட்டியதை நான் பார்த்தேன். மடியில் இருந்த தேங்காய் உருண்டு போனது. தாலி கட்டியாயிற்று. அம்மி மிதிக்க எழுந்தவள் அப்படியே சரிந்தாள்.

கூட்டம் "இரும்பு" என்றது. யாரோ செருப்பைக் கொண்டுவந்தார்கள், யாரோ கரண்டியை. அத்தான் யாரையும் கிட்டே விடவில்லை. தோளில் இருந்த துண்டை மடித்து அவள் தலைக்கு அடியில் வைத்தார். கழுத்து நகையைத் தளர்த்தினார். ஆட்டம் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயோரம் துடைத்தார். "பஸ்ல நாலஞ்சு தடவை பாத்திருக்கேன். கையைக் காலைப் பிடிக்காதீங்க, தானா அடங்கும்" என்றார். அப்புறம் நிமிர்ந்து எங்கள் அப்பாவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று மாதம் அக்கா எங்கள் வீட்டில் இருந்தாள். அந்த மூன்று மாதத்தில் எங்கள் பக்கமும் அவர்கள் பக்கமும் பேசிய பேச்சுகளை இங்கே எழுத விரும்பவில்லை. நான்காவது மாதம் அத்தான் தனியாக வந்தார். திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னார்: "வலிப்பு மேல எனக்குக் கோபம் இல்ல மாமா. எங்கிட்ட சொல்லலையேன்னுதான். சொல்லியிருந்தா முகூர்த்தத்தைப் பத்து மணிக்கு மேல வெச்சிருக்கலாமே." அடுத்த வாரம் தஞ்சாவூர் மருத்துவரிடம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனது அவர்தான்.

அங்கேதான் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. அக்கா சாப்பிட்ட வால்ப்ரோயேட், கர்ப்பகாலத்தில் சிசுவைப் பாதிக்கக்கூடிய மருந்து. அதைச் சாப்பிடும் தாய்க்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் சுமார் பத்துக் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு, இதயம் என ஏதாவது பிறவிக் குறை ஏற்படலாம். முப்பது, நாற்பது பேருக்கு மன வளர்ச்சியில், படிப்பில் பின்னடைவு வரலாம். இதற்காகத் தானாக மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து. பெரிய வலிப்பு வந்து விழுந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் கேடு. குழந்தை பற்றி யோசிக்கும்போதே, பல மாதம் முன்னாலேயே மருத்துவரிடம் சொல்லவேண்டும். அவர் மெல்ல மெல்ல லெவடிராசெடாம் என்ற மருந்துக்கு மாற்றினார், ஃபோலிக் அமிலம் கொடுத்தார். 2012-இல் மகள் பிறந்தாள். நல்ல ஆரோக்கியம். தாய்ப்பால் கொடுக்கலாம் என்றார்கள். ஒரு யோசனையும் சொன்னார்கள்: ராத்திரி ஒரு வேளைப் பாலை எடுத்துவைத்துவிட்டு அக்கா விடாமல் தூங்கட்டும், வேறு யாராவது ஊட்டட்டும். இரண்டு மணி பால் அத்தானுடைய முறை ஆயிற்று. தரையில் பாய் விரித்து உட்கார்ந்துதான் குழந்தைக்குக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம். ஒருவேளை கை வெட்டினாலும் குழந்தை உயரத்திலிருந்து விழாது.

உலகத்தில் ஐந்து கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அதில் எழுபது சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் சொல்கிறது. 1912-இல் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் வலிப்புக்குக் கேட்கும் என்று கண்டுகொண்ட ஃபீனோபார்பிட்டோன் என்ற மருந்து இன்றைக்கும் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. அதாவது நூறு வருடத்துக்கு மேலாக மருந்து இருக்கிறது. சிலவகை வலிப்புகளில் இரண்டு வருடத்துக்கு மேல் வராமல் இருந்தால் மருத்துவர் பார்த்து மெல்லக் குறைத்து நிறுத்துவார். அக்காவின் வகை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். அவள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டாள். நாலு வருடமாக வெட்டுகூட இல்லை.

உங்கள் எதிரில் ஒருவர் விழுந்தால் அத்தான் செய்ததைச் செய்யுங்கள். கூர்மையான பொருள், அடுப்பு, தண்ணீர் பக்கத்தில் இருந்தால் விலக்குங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். வாய்க்குள் எதையும் விடவேண்டாம். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது, கரண்டியால் பல்தான் உடையும். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துத் திருப்புங்கள். முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்கவேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, முதல் தடவையாக வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். கண் திறக்கும்போது குழம்பிப்போய் இருப்பார்கள். சிலர் துணியில் சிறுநீர் கழித்திருப்பார்கள். கூட்டத்தைக் கலைத்துவிட்டு, ஒரு துண்டால் மூடி, பக்கத்தில் உட்காருங்கள். கண் திறந்ததும் சுற்றி நிற்கும் முகங்களைப் பார்ப்பதுதான் வலிப்பைவிடக் கொடுமை என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

போன தை மாதம் சித்தப்பா மகன் கல்யாணம், அதே மண்டபம். முதல் நாள் ராத்திரிப் பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். எட்டரை மணிக்கு அவள் செல்போனில் அலாரம் அடித்தது. பையிலிருந்து டப்பாவை எடுத்து, இலை ஓரத்தில் மாத்திரையை வைத்து, தண்ணீர் ஊற்றச் சொன்னாள். பக்கத்தில் இருந்த, பெண் வீட்டுக்கார அம்மாள் "சுகராம்மா?" என்று கேட்டார். "இல்லம்மா, ஃபிட்ஸுக்கு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு ரசம் கேட்டாள்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் சாப்பிடவில்லை. பிறகு குனிந்து ஏதோ கேட்டார். பந்தி முடிந்து கை கழுவிய பிறகும் இருவரும் தூண் ஓரத்தில் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்து உதறிக் காட்டினார். அக்கா டப்பாவைத் திறந்து, அட்டையில் இருந்த பெயரைக் காட்டி, மருத்துவர் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து மணி ஆகியும் பேச்சு முடியவில்லை. விடிகாலை முகூர்த்தம், போய்த் தூங்குக்கா என்று நான்தான் போய் எழுப்பிக் கூட்டிவர வேண்டியிருந்தது.